முருகனுக்குக் கீழே ஒரு பொத்தான்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகும் விஷயத்தை ஆறு வருடமாக நானே நம்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொய் என்றுதான் வைத்திருந்தேன். இப்போது நம்புகிறீர்களா என்று கேட்டால், நம்பாமல் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

நீங்கள் ஈரோட்டிலிருந்து வண்டி பார்க்க வந்திருக்கிறீர்கள். சுற்றி வந்தீர்கள், குனிந்து அடியில் பார்த்தீர்கள், டயரை ஒரு உதை உதைத்தீர்கள். அதெல்லாம் சரி. கடைசியில், "ஸ்போர்ட் மோட் போட்டு ஓட்டியிருக்கீங்களா, எப்படி இருக்கும்?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். புரோக்கர் உங்களுக்கு அனுப்பிய விளம்பரத்தில் இருந்திருக்கும்: ஒரே ஓனர், ஸ்போர்ட் மோட் தொட்டதே இல்லை. நான் சொல்லித்தான் எழுதினான். முதல் பாதி சத்தியமாக உண்மை. இரண்டாம் பாதியைச் சொல்ல அரை மணி நேரம் ஆகும். உட்காருங்கள். காபி வரும்.

எனக்குக் கணபதியில் சின்ன பவுண்டரி. பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர் வார்க்கிறோம். எட்டு வருடத்துக்கு முன்னால் ஆர்டர் நன்றாக வந்த நேரத்தில் இந்த ஜெர்மன் வண்டியை வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். நான் அறுபதுக்கு மேல் ஓட்டாத ஆள். ஷோரூம் பையன் ஐந்து நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் போகும் என்றான். ஐந்து நொடியில் அப்படி எங்கே போக வேண்டியிருக்கிறது என்று கேட்டேன். சிரித்தான். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

அவன்தான் இந்தப் பொத்தானைக் காட்டினான். "இது ஆட்டோமேட்டிக் சார், கியர் அதுவே மாத்திக்கும். சும்மா ஓட்டினா சீக்கிரம் சீக்கிரம் மேல் கியருக்குப் போயிடும், பெட்ரோல் மிச்சம். இதை அமுக்கினா கியரைப் புடிச்சு வெச்சுக்கும். எஞ்சின் நல்லாக் கத்தின பிறகுதான் மேல விடும். ஸ்டியரிங் கனமாயிடும், சஸ்பென்ஷன் இறுகிடும். அப்புறம் இது வேற வண்டி சார்."

நான் ஒரு வண்டிக்குத்தான் தம்பி வந்திருக்கிறேன் என்றேன். அதற்கும் சிரித்தான்.

ஒரே ஒரு தடவை அமுக்கினேன். அதை மறைக்கவில்லை. அவிநாசி ரோட்டில் ஒரு சிக்னல். பக்கத்தில் என் வீட்டுக்காரி வசந்தாமணி தூங்கிக்கொண்டிருந்தாள். என் வண்டியில் ஏறினால் அவள் எப்போதும் தூங்கிவிடுவாள். கேட்டைத் தாண்டுவதற்குள் கண் மூடிவிடும். என் ஓட்டத்தில் அவ்வளவு நம்பிக்கை. மற்றவர்களின் பெண்சாதிகளெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போடு, பிரேக் போடு என்று கத்துவார்களாம். எனக்கு அந்தத் தொல்லை ஒருநாளும் இருந்ததில்லை.

சிக்னலில் நிற்கும்போது கை சும்மா இருக்கவில்லை. அமுக்கினேன். வண்டியின் குரலே மாறிவிட்டது. காலுக்கடியில் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு உறுமல். பச்சை விழுந்தது. வழக்கம்போலத்தான் மிதித்தேன். வண்டி பாய்ந்ததில் என் தலை பின்னால் போய் முட்டியது. முன்னால் பால் வேன். எப்படிப் பிரேக் போட்டேன் என்று தெரியாது. வேனுக்கும் எனக்கும் ஒரு சாண்.

வசந்தாமணி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ரோடு சரியில்ல."

"ம்" என்று மறுபடி மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு அணைத்ததுதான். பயமா என்று கேட்காதீர்கள். அதையும் யோசித்திருக்கிறேன். பயமில்லை. எச்சரிக்கை. கியர் பெட்டிக்கு ஆயுள் குறையும், பெட்ரோல் குடிக்கும். வீட்டுக்கு வந்தால் என் டிரைவர் குப்புராஜ் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஆறடி ஆள், முப்பது வயது. நான் இல்லாத நேரத்தில் இவன் விரல் சும்மா இருக்குமா? மருதமலை அடிவாரத்தில் வாங்கிய முருகன் ஸ்டிக்கர் ஒன்று பீரோவில் இருந்தது. வேலும் மயிலுமாக, பொத்தான் அளவுக்கே சரியாக. எடுத்து வந்து பொத்தான் மேல் ஒட்டிவிட்டேன். சாமி முகத்தில் எவன் கட்டைவிரலை வைத்து அமுக்குவான்? பூட்டுப் போட்டால்கூட இவ்வளவு பத்திரம் கிடையாது என்று நினைத்தேன்.

இப்போது யோசித்தால் அங்கேயே தப்பு. உலகத்தைச் சுற்றி வா என்றால் மயிலில் ஏறிப் பறந்தவரைப் போய் ஸ்போர்ட் மோடுக்குக் காவல் வைத்திருக்கிறேன். இருந்த இடத்திலேயே அப்பா அம்மாவைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிய பிள்ளையாரை அல்லவா ஒட்டியிருக்க வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு ஆவணி மாதம். கோத்தகிரியில் வசந்தாமணியின் காலேஜ் சிநேகிதி மகளுக்குக் கல்யாணம். எனக்கு அன்றைக்கு உலை பற்றவைக்கிற நாள். உலையைப் பற்றவைத்துவிட்டால் இரும்பை ஊற்றி முடிக்காமல் நகர முடியாது. குப்புராஜைக் கூப்பிட்டு, "தரையில அறுபது, மலையில முப்பது. அக்காவுக்கு வளைவுல தலை சுத்தும். பாத்து" என்று சொல்லி அனுப்பினேன். பின்சீட்டில் ஒரு எலுமிச்சம்பழமும் வாந்தி வந்தால் பிடிக்கக் கவரும் நானே வைத்தேன். வசந்தாமணி அந்தக் கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு நன்றி சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

சாயங்காலம் வந்துவிட்டார்கள். அடுத்த நாள் காலை நான் வண்டியில் ஏறினேன். ஏற முடியவில்லை. சீட் முன்னால் இழுத்துக் கிடந்தது, முட்டி போய் ஸ்டியரிங்கில் இடித்தது. குப்புராஜ் தூக்கம் வராமல் இருக்க முன்னால் இழுத்து உட்கார்ந்திருப்பான் போல என்று நினைத்துக்கொண்டேன். மீட்டரைப் பார்த்தேன். லிட்டருக்குப் பதினொன்று காட்டுகிற வண்டி நாலரை காட்டுகிறது. அப்புறம் பார்த்தேன், பொத்தான் மேல் முருகன் இல்லை. அந்தப் பக்கம் டேஷ்போர்டு பெட்டி மூடியின் மேல், நேராக, அழகாக ஒட்டியிருக்கிறார். பொத்தான் மொட்டையாக என்னைப் பார்க்கிறது.

குப்புராஜைக் கூப்பிட்டேன்.

"யாருடா முருகன எடுத்தது?"

"அக்காதாங்ணா."

"யாருடா பொத்தான அமுக்குனது?"

"அக்காதாங்ணா."

"வண்டிய ஓட்டுனதும் அக்காதான்னு சொல்லீருவ போல?"

தலையைச் சொறிந்தான். "போறப்ப மேட்டுப்பாளையம் தாண்டி, வர்றப்ப வீடு வரைக்கும் அக்காதாங்ணா ஓட்டுனாங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மொபெட்டைக்கூட ஓட்டி நான் பார்த்திராத பெண். தப்பைச் செய்துவிட்டு வீட்டுப் பெண்பிள்ளை மேல் பழி போடுகிறான். நான் கை ஓங்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. "சாவியக் குடுத்துட்டுப் போயிரு" என்றேன். அவ்வளவுதான். சாவியை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தான். "ஒரு வார்த்த அக்காகிட்ட கேட்டிருக்கலாமுங்ணா" என்றான். போய்விட்டான்.

கேட்காமல் இல்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டேன்.

"குப்புராஜ நிறுத்திட்டேன். என்னமோ நீ வண்டி ஓட்டுனியாம். அளக்கறான்."

தோசையைத் திருப்பிப் போட்டாள். "உங்களுக்கு என்னங்க தோணுது?"

"பொய்னு தோணுது."

"அப்பறமென்ன" என்று அடுப்பை அணைத்தாள். எனக்கு இன்னும் ஒரு தோசை வேண்டியிருந்தது. கேட்கவில்லை.

அந்த 'அப்பறமென்ன'வை ஆறு வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பொய்தான் என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உலைக்கு முன்னால் நிற்கும்போது நினைப்பேன், சட்டென்று வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று. வீட்டுக்கு வந்தால் பசி வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. எங்களுக்குப் பெண் பார்த்தபோது மாமனார் அவள் பெருமையை வரிசையாகச் சொன்னார். தையல் தெரியும், கணக்குத் தெரியும், ஜீப் ஓட்டத் தெரியும் என்றார். தோட்டத்தில் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் ஆயிரம் சொல்வார்கள். நான் கேட்டது அவளுக்குப் பச்சைப்பயறுக் குழம்பு வைக்கத் தெரியுமா என்று மட்டும்தான்.

அதன் பிறகு அவளிடம் மாற்றம் ஒன்றும் இல்லை. என் வண்டியில் ஏறினால் அதே தூக்கம். ஆளும் நன்றாகத் தெளிந்துவிட்டாள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை யோகாவுக்குப் போகிறாள், ஐந்தரை வருடமாக. ஞாயிறு மட்டும் லீவு. போனதிலிருந்து முகத்தில் ஒரு களை. ஆனால் இடது கை மட்டும் முழங்கைக்குக் கீழே வெயில் பட்ட மாதிரி கறுத்துவிட்டது. ஒரு பக்கமாகவே ஏதோ ஆசனம் செய்கிறாள் போல. தோல் டாக்டரிடம் எழுதி வாங்கி நானே மருந்து வாங்கிக் கொடுத்தேன். தடவுகிறாள். போகமாட்டேன் என்கிறது.

இதோ, காபி வந்துவிட்டது. எடுத்துக்கொள்ளுங்கள்.

...பார்த்தீர்களா? காபியை வைத்துவிட்டுப் போகிறபோது வசந்தாமணி என்ன சொன்னாள் என்று காதில் விழுந்ததுதானே? "ரெண்டுல இருந்து மூணுக்குப் போறப்ப ஒரு சின்ன இழுப்பு இருக்குதுங்க. மேட்டுல நல்லாத் தெரியும். இவரு சொல்லீருக்க மாட்டாரு." இப்படியா வாங்க வந்தவர் முன்னால் சொல்வது? விற்கிறேன் என்று சொன்னபோது, "உங்க இஷ்டமுங்க" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். இடுப்பு வலிக்கிறது, இந்தத் தாழ்ந்த வண்டியில் இனி என்னால் குனிந்து ஏற முடியாது என்றேன். அதற்கும் "ஆமாங்க, நீங்க எப்படி ஏறுவீங்க" என்றாள். இப்போது வந்து இழுப்பாம். இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மெக்கானிக்கே ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான். தூங்கிக்கொண்டே வருகிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

சரி. ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நீங்கள் வருவீர்கள் என்று புரோக்கர் சொன்னதால் காலையில் வண்டியைத் துடைக்க உட்கார்ந்தேன். ஆறு வருடமாக டேஷ்போர்டு பெட்டி மேல் இருந்த முருகனை நான் தொடவில்லை. கோபம். அவர் மேல் இல்லை, குப்புராஜ் மேல். விற்கிற வண்டியில் நம் சாமி எதற்கு என்று நகத்தால் நெம்பினேன். கையோடு வந்துவிட்டார். திருப்பிப் பார்த்தேன். முருகனின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

அரக்கு நிறம். நடுத்தர அளவு. ஒரு தடவை பிய்த்ததில் முருகனின் பசை போயிருக்கிறது. அதனால் நெற்றிப் பொட்டை எடுத்து, பசைப் பக்கம் முருகன் மேல் படும்படி வைத்து, பொட்டின் மறுபக்கத்தில்... இல்லை, ஒரு பொட்டு இல்லை, இரண்டு. முதுகும் முதுகும் ஒட்டியபடி. ஒன்று முருகனைப் பிடித்திருக்கிறது, ஒன்று வண்டியைப் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு துளி சூயிங்கம். கல்யாணத்துக்குப் போனவள் கைப்பையில் பொட்டு அட்டை இருக்கும். குப்புராஜ் பையில் எப்படி இருக்கும்? எங்கள் குளியலறைக் கண்ணாடியில் வரிசையாக ஒட்டியிருக்கிற அதே பொட்டு. முப்பது வருடமாகக் காலையில் சவரம் செய்யும்போது என் முகத்தைச் சுற்றி நான் பார்க்கிற பொட்டு. ஆறு வருடமாக என் கை எட்டுகிற தூரத்தில் இருந்திருக்கிறது.

வீட்டுக்குள் போகவில்லை. விசாரித்துக்கொண்டு சரவணம்பட்டிக்குப் போனேன். குப்புராஜ் அங்கே டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். நன்றாகவே வைத்திருக்கிறான். கண்ணாடிக் கதவு, இரண்டு பயிற்சி வண்டி. சொல்லிக் கொடுக்கிறவர் உட்காருகிற இடது பக்கமும் ஒரு பிரேக். வெளியே போர்டு: பெண்களுக்குத் தனி வகுப்பு, காலை பத்து முதல் பன்னிரண்டு, பெண் பயிற்சியாளர். எனக்குத்தான் எதைப் பார்த்தாலும் யோசனை வருமே.

"யோகா நேரத்துல வெச்சிருக்கியேப்பா, பொம்பளைங்க வருவாங்களா?" என்றேன்.

"நல்லா வர்றாங்கங்ணா. அந்த டீச்சரக்கா வந்துதான் ஸ்கூலே நிமுந்துச்சு" என்று தலையைச் சொறிந்தான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. யாரப்பா அந்த அம்மணி என்று கேட்டேன். டீ சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டான்.

டீ வந்ததும் மேசை மேல் முருகனை வைத்தேன், பொட்டுப் பக்கம் மேலாக. பார்த்தான். நான்தான் பேசினேன். "தப்பு என் மேலதான் குப்புராஜ். அன்னைக்கு நடந்தத முழுசாச் சொல்லு."

"விடுங்ணா, எதுக்கு இப்ப."

"சொல்லுப்பா."

சொன்னான். மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது வசந்தாமணி முன்சீட்டுக்கு வந்துவிட்டாளாம். வளைவு ஆரம்பித்தது. வண்டி மேல் கியருக்குப் போகிறது, வளைவு வந்ததும் கீழே இறங்குகிறது, மறுபடி மேலே போகிறது.

"அக்கா கேட்டாங்கங்ணா, 'இதென்ன குப்புராஜு, வண்டி எதுக்கு இப்படி யோசிச்சு யோசிச்சுப் போகுது, எங்க வீட்டுக்காரராட்ட'ன்னு."

"அப்படியா சொன்னா?"

"தப்பா எடுத்துக்காதீங்ணா. அப்பறம் கேட்டாங்க, 'இந்த முருகனுக்குக் கீழ என்ன இருக்குது?'ன்னு. தொடக்கூடாதுன்னு அண்ணன் சொல்லீருக்காருங்க்கான்னேன். 'உன்னயத்தான தொடக்கூடாதுன்னாரு'ன்னுட்டு, நகத்துல எடுத்து, கண்ணுல ஒத்திக்கிட்டு, அந்தப் பக்கம் ஒட்டுனாங்க. நிக்கல, உழுந்துட்டாரு. அப்பறந்தான் பொட்டு. என்ர வாயில இருந்த சூயிங்கத்தக் கேட்டு வாங்குனாங்கங்ணா."

பொத்தானை அமுக்கினாளாம். வண்டி உறுமியதும், "ஓரமா நிறுத்து, எறங்கி இந்தப் பக்கம் வா" என்றாளாம். லைசென்ஸ் இருக்குதுங்களாக்கா என்று இவன் பயந்திருக்கிறான். கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. நாற்பது வயதில் புதுப்பித்தும் வைத்திருந்தாளாம். புதுப்பிக்க எந்த நாளில் எந்த ஆபீசுக்குப் போனாள்? அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? இதையெல்லாம் குப்புராஜிடம் கேட்க முடியுமா?

"அந்தப் பொத்தான அமுக்குனா கியர் அப்படியே நிக்குதுங்ணா. ரெண்டாவதுல புடிச்சா வளைவு முடியற வரைக்கும் ரெண்டாவதுதான். தடுமாறவே இல்ல. மேல இருந்து பஸ்ஸு வந்தா அவனே ஒதுங்கி வழி விடறான். எறங்கறப்ப இன்னும் அழகு. பிரேக்குல கால வெக்கல. ஸ்டியரிங்குக்குப் பின்னால கியர் மாத்தறதுக்கு இருக்கற அந்த ரெண்டு காதையும் விரல்ல தட்டித் தட்டி, கியர்லயே புடிச்சு எறக்குனாங்க. நான் பதினஞ்சு வருசமா வண்டி ஓட்டறேன், எனக்கு வராதுங்ணா அது."

"தலை சுத்தலியா அவளுக்கு?"

"எனக்குத்தாங்ணா சுத்துச்சு. நீங்க வெச்ச கவர நாந்தான் எடுத்தேன்."

ஒரு ஆறடி ஆம்பளை, என் கவரில். அதைக்கூட நான் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன்.

"நான் உன்ன நிறுத்துனப்ப அவகிட்டப் போய்ச் சொல்லலியா நீ?"

"சொன்னனுங்ணா. அடுத்த நாளே அக்கா எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. 'அவரு நம்பலீன்னா நான் போய் நம்புங்கன்னு கெஞ்ச மாட்டேன் குப்புராஜு. உன்ற சோத்துக்கு நானாச்சு'ன்னாங்க." அதற்கு மேல் சொல்லவந்து நிறுத்திக்கொண்டான். போர்டு இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்தான். நானும் பார்த்தேன். வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. வண்டி நல்ல வண்டி. ஸ்போர்ட் மோட் ஒரு நாள் ஓடியிருக்கிறது, மலையில், ஏற்றமும் இறக்கமுமாக, தெரிந்த கையில். எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தவள் உள்ளே இருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்கலாமா என்றுதான் நீங்கள் வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குக் குப்புராஜிடமிருந்து எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். வழியனுப்பக் கூடவே வந்தான். மனது கேட்காமல் நின்றேன். "வழியெல்லாம் பேசிட்டே வந்தாளா?" என்றேன்.

"வாயே மூடலீங்ணா. பாட்டு வேற. போக வர ஒரு நிமிசம் கண்ண மூடல."

அப்போதுதான் கேட்டேன். இந்த ஆறு வருடமாக நான் கேட்க வேண்டியிருந்தது பொத்தானைப் பற்றியே இல்லை என்பது கேட்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. அவன் என்ன பதில் சொன்னான் என்று கேட்காதீர்கள், தலையைத்தான் சொறிந்தான்.

"அப்பறம் ஏன் குப்புராஜு, நான் ஓட்டுனா மட்டும் அவ தூங்கிடறா?"